ஏழு பேரைத் தெரிந்த கோச் வேண்டும்

இது 2025 ஆகஸ்டில் எழுதியது. கோச் ஓவன் கோய்ல் போய்விட்டார். எங்கள் கால்பந்துக் கிளப் சென்னையின் எஃப்.சி.க்கு இப்போது கோச் இல்லை. புது சீசன் எப்போது தொடங்கும் என்பதும் தெரியவில்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் இந்த டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிகிறது. அது புதுப்பிக்கப்படாததால் ஜூலை 11 அன்று இந்தியன் சூப்பர் லீகையே (ஐ.எஸ்.எல்.) நிறுத்திவைத்துவிட்டார்கள். மற்ற வருடங்களில் இந்த ஆகஸ்ட் மாதத்தில் சீசன் டிக்கெட் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இந்த வருடம் அதற்கு வழியில்லை. ஆனால் அடுத்த கோச் யார் என்ற சண்டை மட்டும் ஒருநாள்கூட ஓயவில்லை.

நான் பெரியமேட்டில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் ஜெர்சிக்குப் பெயரும் நம்பரும் ஒட்டுகிற வேலை பார்க்கிறேன். நேரு ஸ்டேடியத்தின் விளக்குக் கோபுரம் எங்கள் தெருவிலிருந்தே தெரியும். மேட்ச் நாள் என்றால் மூன்று மணிக்கே நீலச் சட்டைகள் கடைக்கு வரத் தொடங்கிவிடும். நான் இருந்த இடத்திலிருந்தே இந்தக் கிளப்பின் ஏற்ற இறக்கத்தைச் சொல்ல முடியும். 2015-இல் பத்துப் பேர் வந்தால் ஆறு பேர் மென்டோசா கேட்பார்கள், இரண்டு பேர் எலானோ. 2018-இல் ஜெஜே கேட்டார்கள். அப்புறம் தாபா. தாபா போன பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது வருகிற பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரைத்தான் ஒட்டச் சொல்கிறார்கள். அதுவும் நல்லதுதான், குழந்தைகள் தங்கள் பெயரை முதுகில் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஒரு கிளப்பில் ரசிகன் ஒட்டிக்கொள்ள ஒரு வீரரின் பெயர் இல்லை என்றால், அதற்கும் கோச் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் சண்டையில் யார் யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன்.

கடையில் என்னோடு வேலை செய்கிற தம்பிக்கு இருபத்து மூன்று வயது. அவனுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு கோச் வரவேண்டும். "அண்ணா, நம்மாளுங்களுக்கு வெள்ளைக்காரன் சொன்னாத்தான் காதுல ஏறும். ரெண்டு கப்பும் எப்படி வந்துச்சு? மாட்டராசி, கிரிகரி. ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனது யாரு? கோய்ல். ஒரே ஒரு இந்தியக் கோச் பேரைச் சொல்லு பாப்போம்" என்பான். ராயபுரத்திலிருந்து வருகிற என் நண்பனுக்கு உள்ளூர்க்காரர்தான் வேண்டும். சாபிர் பாஷாவைப் போடு, மச்சான், வேறு பேச்சே வேண்டாம் என்பது அவன் கட்சி. மூன்றாவது ஆள் ஐ.சி.எஃப். அணியில் ஆடி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். தினமும் மாலை கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். கோச்சை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, முதலில் நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்குங்கள் என்பார். "தம்பி, கோல் அடிக்க ஆள் இல்லாம பெப் கார்டியோலாவே கோச்சா வந்தாலும் பெஞ்சுல உக்காந்துகிட்டு வேடிக்கைதான் பாக்கணும்" என்று முடித்துவிடுவார்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே ஒரு மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. களத்தில் எத்தனை இந்தியர்கள் ஆடவேண்டும் என்ற விதி இந்தப் பத்து வருடத்தில் தலைகீழாகிவிட்டது.

2014-இல் லீக் தொடங்கியபோது பதினொரு பேரில் ஆறு பேர் வெளிநாட்டவர் ஆடலாம். இந்தியர் ஐந்து பேர் இருந்தால் போதும். 2017-18-இல் வெளிநாட்டவர் ஐந்து, இந்தியர் ஆறு என்று ஆனது. 2021-22-இலிருந்து வெளிநாட்டவர் நான்கு பேர்தான். அதாவது இந்தியர் ஏழு பேர். பதினொரு பேரில் ஏழு!

2015-ஐ எடுத்துக்கொள்வோம். நவம்பர் நடுவில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தோம். அங்கிருந்து லீகின் கடைசி நான்கு ஆட்டங்களையும் ஜெயித்து அரையிறுதிக்குப் போனோம். சென்னை வெள்ளத்தில் மிதந்ததால் நம்முடைய அரையிறுதி ஆட்டத்தைப் புனேக்கு மாற்றினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று அங்கே அடித்தோம். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, கடைக்குள் தண்ணீர் நின்றிருந்தது, செல்போனில் ஸ்கோர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 1-2 என்று பின்தங்கியிருந்து, கடைசி நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சுய கோல், இஞ்சுரி டைமில் மென்டோசா. 3-2. அந்த சீசனில் மென்டோசா அடித்தது 13 கோல். மாட்டராசியின் பங்கைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. கடைசி இடத்தில் கிடந்த அணியை உடையாமல் பிடித்து வைத்திருந்தது அவர்தான். ஆனால் ஆறு வெளிநாட்டவர் ஆடிய காலம் அது. ஒரு மென்டோசா கிடைத்தால் கரை சேரலாம். மாட்டராசி போன்ற ஒரு பெரிய பெயருக்கு அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டிவர முடிந்தது.

2018-க்கு வாருங்கள். தம்பி இந்தக் கப்பை ஜான் கிரிகரியின் கணக்கில் எழுதுகிறான். சரிதான், அவருடைய அணி. பெங்களூரு கண்டீரவாவில் மார்ச் 17 அன்று நடந்த ஃபைனலில் பெங்களூரு அணியின் சேத்ரி முதலிலேயே கோல் போட்டுவிட்டார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களில் இரண்டு முறை தலையால் முட்டிப் போட்டார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். மூன்றுமே பிரேசில்காரர்கள் போட்டவை. இதை மட்டும் பார்த்தால் தம்பி ஜெயித்துவிட்டான்.

ஆனால் அந்த ஃபைனலுக்கு நாம் எப்படிப் போனோம்? கோவாவோடு அரையிறுதி. அங்கே போய் 1-1. நமக்காகக் கோல் போட்டவர் அனிருத் தாபா. பிறகு சென்னையில் 3-0. ஜெஜே ஒன்று, தன்பால் கணேஷ் ஒன்று, கடைசியில் மறுபடி ஜெஜே. இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து நான்கு கோல்கள், நான்கையும் போட்டவர்கள் இந்தியர்கள். கணேஷ் நம்ம வியாசர்பாடி. கணேஷ் கோல் போட்டதும் பி ஸ்டாண்டில் என் பக்கத்தில் நின்றிருந்த ஆள் என் சட்டையைப் பிடித்து, "எங்க ஏரியா பையன், எங்க ஏரியா பையன்" என்று குலுக்கிய குலுக்கலில் இரண்டு பட்டன் போய்விட்டது. மறுநாள் கடையில் கணேஷ் பெயர் கேட்டு வரிசை நின்றது. வினைல் ஷீட்டில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வெட்டவேண்டும், சுற்றி இருக்கிற வேண்டாத பகுதியை ஊசியால் உரித்து எடுக்கவேண்டும், அப்புறம் ஹீட் பிரஸ்ஸில் வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தவேண்டும். பாலியஸ்டர் துணி, சூடு கொஞ்சம் கூடினாலும் ஜெர்சியில் பளபளவென்று சதுரமாகத் தடம் விழுந்துவிடும். அன்றைக்கு ராத்திரி வரை நின்றுகொண்டே ஒட்டினேன். ஒரு உள்ளூர்ப் பையனின் பெயருக்கு அப்படி ஒரு கூட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்த 2018 அணியில் ஜெஜே, தாபா, கணேஷ், கோல்கீப்பர் கரண்ஜித், இடது பக்கம் ஜெர்ரி என்று ஒரு இந்திய முதுகெலும்பு இருந்தது. பின்னால் லாலியன்சுவாலா சாங்தே வந்தார். அவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? ஜெஜே 2020-இல் ஈஸ்ட் பெங்கால் போனார். சாங்தே 2022 ஜனவரியில் மும்பை போய், அடுத்த சீசனில் லீக் ஷீல்டு (லீக் பட்டியலில் முதலிடம் பிடிக்கிற அணிக்கான கோப்பை) ஜெயித்து, கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். தாபா 2023-இல் மோகன் பகான் போனார், இரண்டு முறை ஷீல்டு ஜெயித்துவிட்டார். இங்கேயே வளர்ந்த ரஹீம் அலி 2024-இல் ஒடிசா போனார். வீரர்கள் போவது தப்பில்லை. பெரிய கிளப் கூப்பிட்டால் போகத்தான் செய்வார்கள். போனவர்களின் இடத்தில் அடுத்த தாபா, அடுத்த சாங்தே வரவில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இடையில் யார் யார் கோச்சாக இருந்தார்கள் என்று பாருங்கள். 2020-21 சாபா லாஸ்லோ, எட்டாம் இடம். 2021-22 மாண்டினீக்ரோவின் பண்டோவிச், கோவாவிடம் 0-5 வாங்கிய பிறகு பாதியில் நீக்கம், எட்டாம் இடம். 2022-23 ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச், எட்டாம் இடம். மூன்று நாட்டிலிருந்து மூன்று பேர், மூன்று வகையான ஆட்டம், ஒவ்வொருவரும் வந்து வீரர்களின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் சீசன் முடிந்தது. இந்த மூன்று வருடத்தைத்தான் தம்பி வசதியாகத் தாண்டிப் போகிறான்.

கோய்லைப் பற்றி நான் மனதாரச் சொல்கிறேன், அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. 2019 டிசம்பரில் அவர் வந்தபோது அணி அடித்தட்டில் கிடந்தது. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி மூன்று பேரும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேலையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். நான்காம் இடம், ஃபைனல். கொரோனாவால் கோவாவில் காலி ஸ்டேடியத்தில் ஆடி 1-3 என்று தோற்றோம். அங்கே நாங்கள் இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பிறகு அவர் ஜாம்ஷெட்பூர் போய் 2021-22-இல் ஷீல்டும் ஜெயித்தார். 2023-இல் திரும்பி வந்தபோது நாங்கள் மாலை போடாத குறை. முதல் வருடம் ஆறாம் இடம், பிளே-ஆஃப். இர்ஃபான் யாத்வாடுக்கு வாய்ப்புக் கொடுத்து இந்திய அணிவரை கொண்டுபோனதும் அவர் காலத்தில்தான். ஆனால் இரண்டாவது வருடம்? பதின்மூன்று அணிகளில் பதினொன்றாம் இடம், 24 ஆட்டத்தில் 27 புள்ளி. ஜனவரி 30 அன்று நம் வீட்டிலேயே கேரளா பிளாஸ்டர்ஸ் வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். வில்மர் ஜோர்டான் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை. மஞ்சள் சட்டைகள் பாடிக்கொண்டே பார்க் ஸ்டேஷன் வரை போனதைக் கடை வாசலில் நின்று கேட்டேன். தாங்க முடியவில்லை.

ஆக, நல்ல வெளிநாட்டுக் கோச்சே வந்தும் பதினொன்றாம் இடம். ஏன்? நான்கு வெளிநாட்டவரில் ஒருவர் அடிபட்டு, ஒருவர் அட்டை வாங்கி வெளியே போனால், மீதி ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போகவேண்டியது ஏழு இந்தியர்கள். அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நாம் தோற்கிறோம். மிசோரத்தில் எந்தப் பையன் விங்கில் ஓடுகிறான், ஐ.எஸ்.எல்.-க்கு வெளியே இருக்கிற இன்னொரு தேசிய லீகான ஐ-லீகில் எந்த அணியின் சென்டர் பேக் சும்மா உட்கார்ந்திருக்கிறான், மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராஃபியில் யார் நன்றாக ஆடினான் என்று தெரிந்த ஆள் வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வருகிறவருக்கு இது தெரிய ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம் முடிந்ததும் நாம் அவரை அனுப்பிவிடுகிறோம்.

இந்தியக் கோச் ஒருவர் பெயரைச் சொல் என்று தம்பி கேட்டானே. காலித் ஜமீல். 2016-17-இல் ஐஸ்வால் என்ற சின்ன ஊர் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டைப் பாதியில் எடுத்து, ஒரு தோல்வி இல்லாமல் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். போன சீசனில் ஜாம்ஷெட்பூரை ஐந்தாம் இடத்துக்கு ஏற்றி, அரையிறுதியில் மோகன் பகானைக் கடைசி நிமிடம்வரை திணறவைத்தார். (அவருடைய அணியை லீகின் கடைசி ஆட்டத்தில் நாம் 5-2 என்று அடித்தோம். போன வருடத்தில் மனதுக்கு நிறைவாக இருந்த ஒரு சில இரவுகளில் அது ஒன்று.) ஆனால் காலித் இனி கிடைக்கமாட்டார். இந்த மாதம் முதல் தேதி அவரை இந்திய அணிக்கே கோச்சாகப் போட்டுவிட்டார்கள். இந்திய அணிக்குப் போதும் என்கிற ஆள் சென்னைக்குப் போதாதா என்று தம்பியைக் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுத்து வெட்டுகிற மெஷினில் ஷீட்டை மாற்றப் போய்விட்டான். அதற்கு முன்னாலும் ஆர்மாண்டோ கொலாசோ இருந்தார். கோவாவின் டெம்போ கிளப்பை ஐந்து முறை தேசிய சாம்பியன் ஆக்கியவர். இந்தியக் கோச்சால் முடியாது என்பதற்கு இந்திய லீக் வரலாற்றில் ஆதாரமே கிடையாது.

என் ஓட்டு கிளிஃபோர்ட் மிராண்டாவுக்கு.

கோவாக்காரர். அந்த டெம்போவில் கொலாசோவின் கீழ் வருடக்கணக்கில் ஆடியவர். 2023 ஏப்ரலில் கேரளாவில் நடந்த சூப்பர் கப்புக்கு ஒடிசா அணியை இடைக்காலக் கோச்சாகக் கூட்டிக்கொண்டு போனார். அரையிறுதியில் நார்த்ஈஸ்டை 3-1, ஃபைனலில் பெங்களூருவை 2-1. ஒடிசாவின் முதல் பெரிய கோப்பை அது. அந்த அரையிறுதியில் இரண்டு கோல் போட்டவர் யார் தெரியுமா? நந்தகுமார் சேகர். மறுபடியும் வியாசர்பாடி! அங்கிருந்து ஈஸ்ட் பெங்கால் போய், அந்த வருடம் டூரண்ட் கப்பில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டு கொல்கத்தாவையே கலக்கினார். பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் வருகிற ஊரில் பிறந்த பையனைப் புவனேஸ்வரமும் கொல்கத்தாவும் கொண்டாடின. நம் ஸ்டேடியத்துக்கு அவர் எதிரணியின் சட்டையில்தான் வருகிறார். அவர் வந்து இடது பக்கம் ஓடும்போதெல்லாம் பி ஸ்டாண்டில் ஒரு பகுதி மெதுவாகக் கைதட்டும். நானும் தட்டுவேன்.

மிராண்டாவை நான் கவனிக்கத் தொடங்கியது அதற்கும் முன்னால். 2020-இல் கோய்ல் அணி கோவாவை அரையிறுதியில் 6-5 என்ற மொத்தக் கணக்கில் தாண்டியது நினைவிருக்கும். அப்போது கோவா பக்கம் கோட்டருகே நின்றவர் இவர்தான். கோவா தன் கோச் லொபேராவை நீக்கிய பிறகு அணியை இடைக்காலமாக எடுத்து, ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரிலேயே 5-0 அடித்து, லீக் ஷீல்டை உறுதிப்படுத்தியிருந்தார். சென்னையில் நாம் அவர்களை 4-1 என்று அடித்தோம். அங்கே இரண்டாவது ஆட்டத்தில் முதல் பாதியிலேயே கோவாவுக்கு இரண்டு கோல் கிடைத்தது. இரண்டாம் பாதியில் சாங்தேவும் வால்ஸ்கிஸும் பதிலுக்குப் போட்டுவிட்டார்கள். மொத்தம் 6-3. எந்த அணியும் அத்துடன் கையைத் தூக்கியிருக்கும். கோவா அதற்குப் பிறகும் இரண்டு கோல் போட்டது. கடைசி பத்து நிமிடம் எங்கள் கடையில் யாரும் உட்காரவில்லை. இன்னும் ஒரு கோல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. 6-3 என்ற நிலையில் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒரு அணியிடம் சொல்ல முடிகிற ஆள், பதினொன்றாம் இடத்து அணிக்குத் தேவையான ஆள்.

ஒரு முழு ஐ.எஸ்.எல். சீசனைத் தலைமைக் கோச்சாக அவர் நடத்தியதில்லையே என்று கேட்பீர்கள். பெரியவரும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஐ.எஸ்.எல்.-இல் 2025 வரை ஒரு அணிகூடக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டதில்லை. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த வருடம் இதே லீகில்தான் ஆடப்போகிறோம். 2018-19-இல் நடப்புச் சாம்பியனாக இருந்துகொண்டே 18 ஆட்டத்தில் ஒன்பது புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தோமே, அடுத்த வருடம் ஃபைனல் ஆடவில்லையா? இங்கிலாந்துக் கிளப் ஒரு புதுக் கோச்சை வைத்துப் பரீட்சை பார்த்தால் கோடிகள் போகும். நமக்கு அந்தப் பயம் இல்லாதபோது, வளர்ந்துவருகிற கோச் ஒருவருக்கு இரண்டு வருடம் கொடுக்க என்ன தடை?

இங்கே தம்பி விடாமல் ஒரு குறுக்குக் கேள்வி போட்டான். அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல கேள்வி. "அப்போ சென்னை சிட்டி? அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர்தானே?" உண்மை. நாம் ஐ.எஸ்.எல்.-இல் கடைசியில் கிடந்த அதே 2018-19-இல், கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி கடைசி ஆட்டத்தில் மினர்வாவை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஸ்பெயினிலிருந்து வந்த மான்சி 21 கோல் போட்டார். கோச் வெளிநாட்டவர். ஆனால் அவர் யாரை வைத்து ஆடினார்? நெய்வேலியின் எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார், ரெஜின். தமிழ்நாட்டுப் பையன்களைத் தேடி எடுத்து, தொடர்ந்து ஆடவிட்டு, தப்பு செய்தாலும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி இறக்கினார். எட்வின் பிறகு நம் அணிக்கே வந்தார். ரொமாரியோ கோவா போய் டூரண்ட் கப் ஜெயித்தார். அதனால் பாஸ்போர்ட்டைப் பார்த்து நான் பேசவில்லை. அக்பர் நவாஸ் மாதிரி உள்ளூர்ப் பையனைக் கண்டுபிடிக்கிற கண் உள்ள வெளிநாட்டவர் கிடைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்படிப்பட்டவர் அபூர்வம், அவ்வளவுதான்.

ராயபுரம் நண்பன் சொல்கிற சாபிர் பாஷா? இந்தியன் பேங்க் அணியில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் கண் விரியப் பேசுகிறார்கள். இந்தியாவுக்கு ஆடிய சென்னைக்காரர். நம் கிளப்பில் உதவிக் கோச்சாகப் பல வருடம் இருந்து, பண்டோவிச் போனபோது கடைசிச் சில ஆட்டங்களுக்குப் பொறுப்பும் ஏற்றார். உடைந்த அணி, முடிந்துபோன சீசன். அதை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம். அவரைத் தலைமைக் கோச்சாகப் போடுவதைவிட, ஜூனியர் அணிகளும் ஆள் தேடுகிற வேலையும் முழுக்க அவர் கையில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. சென்னை சீனியர் டிவிஷனில் ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், வருமானவரி அணிகள் மோதுகிற ஆட்டங்களை அவரைப்போல் பார்த்தவர் இல்லை. மேலே மிராண்டா, கீழே பாஷா. இந்த ஜோடி எனக்குச் சரியாகப் படுகிறது. நண்பன் பாதி மனதோடு ஒத்துக்கொண்டான். "கீழேன்னு சொல்லாத மச்சான், பக்கத்துலன்னு சொல்லு" என்றான். சரி, பக்கத்தில்.

பெரியவரின் ஸ்ட்ரைக்கர் வாதத்துக்கு என்னிடம் எதிர்ப்பு கிடையாது. கோல் போடுகிற வெளிநாட்டவர் ஒருவர் கண்டிப்பாக வேண்டும். கானர் ஷீல்ட்ஸ் மாதிரி தொண்ணூறு நிமிடமும் ஓடி ஓடிப் பந்தைக் கொடுக்கிற ஒருவரும் வேண்டும். ஆனால் ஸ்ட்ரைக்கரைக் கோச்தானே கேட்டு வாங்கவேண்டும்? கோச் இல்லாமல் ஆளை வாங்கிவிட்டு, அப்புறம் வருகிற கோச் அவரை பெஞ்சில் உட்காரவைத்தால் யாரைக் குறை சொல்வது? அதனால் முதலில் கோச்.

இன்னொன்றும் இருக்கிறது. லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாத இந்த நேரத்தில் எந்த நல்ல ஐரோப்பியக் கோச் கையெழுத்துப் போடுவார்? தேதி வந்த பிறகு அவசர அவசரமாக ஒருவரைப் பிடித்து, அவர் வந்து இறங்கிய இரண்டாவது வாரமே ஆட்டம் என்றால் லாஸ்லோ, பண்டோவிச், பிர்டாரிச் கதைதான் திரும்ப நடக்கும். இங்கேயே இருக்கிற, இந்த லீகின் இழுபறி எல்லாம் பழகிய ஒருவரிடம் இன்றைக்கே பேசலாம். ஆட்டம் இல்லாத இந்த மாதங்களை அவர் பையன்களைப் பார்ப்பதற்குப் பயன்படுத்தட்டும்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கிளப்புக்குக் கொடுப்பதென்று எங்கள் ஸ்டாண்டில் சிலர் முடிவு செய்திருக்கிறோம். மூன்றே கோரிக்கை: இந்திய வீரர்களை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த தலைமைக் கோச், அவருக்குக் குறைந்தது இரண்டு சீசன், ஜூனியர் அணிகளுக்கு சென்னைக் கால்பந்தை அறிந்த ஒருவர். மிராண்டா பெயரைக் கடிதத்தில் போடவேண்டாம் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். அவன் ஐரோப்பாவை இன்னும் விடவில்லை. பெயர் இல்லாமல்தான் எழுதியிருக்கிறோம், அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பெரியவர் தன் கையெழுத்துக்குக் கீழே "ஸ்ட்ரைக்கர்" என்று தனியாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மை லேடீஸ் பார்க் வாசலில் இருப்போம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். வேறு கோச் பெயரோடு சண்டை போட வருகிறவர்களும் வரலாம்.